வேலூர் மண்டபத்துல நாலு மொழி மீட்டிங்: இன்ஃப்ராரெட்டா, ரேடியோவா, போன் ஆப்பா?

மேடைப் பேச்சை அப்பவே மொழிபெயர்த்து காதுல குடுக்கற செட்டை வாடகைக்கு கேக்கறவங்க முதல்ல கேக்கறது "ரிசீவர் எத்தினி பீஸ் இருக்கு, ஒண்ணுக்கு எவ்ளோ" இதான். கொட்டேஷன்லயும் அதையே பெருசா போட்டு அனுப்பிடறாங்க, 300 ரிசீவர், 300 இயர்போன், மொழிபெயர்ப்பாளர் உக்கார ஒரு பூத், அவ்ளோதான், ஆனா அந்த 300 ரிசீவர்ல பேச்சு கேக்குமா கேக்காதான்னு முடிவு பண்றது கடைசி லைன்ல சின்னதா "ரேடியேட்டர் - 2"ன்னு போட்டிருப்பாங்க பாருங்க, அது, இன்ஃப்ராரெட் செட்டுல பேச்சை வெளிச்சமா ஹால்ல அடிக்கற பெட்டி. எங்க வெக்கப் போறாங்க, எந்தப் பக்கம் திருப்பப் போறாங்கன்னு ஒரு வார்த்தை இருக்காது. அதனால எந்த செட் எடுக்கலாம்னு யோசிக்கறவங்களுக்காக இதை எழுதறேன், கம்பெனி பேரைப் பாத்து இல்ல, உங்க ஹாலோட ஜன்னலைப் பாத்து முடிவு பண்ணணும்ங்கறது என் கட்சி.

நம்ம ஊருக்கு இது இன்னாத்துக்குன்னு கேக்கறவங்க உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிங்க வெளிநாட்டு பையர் வந்தா மீட்டிங் வைக்கறாங்க, அங்க இங்கிலீஷ் போதாது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது வேணும். சித்தூர் பார்டர்ல இருந்து ஆள் வந்தா தெலுங்கு. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து மாசக்கணக்குல தங்கற பெங்காலிக்காரங்களை கூப்பிட்டு ஒரு விழிப்புணர்வு கூட்டம் வெச்சா பெங்காலி இல்லாம ஒண்ணும் நடக்காது. மேடையில தமிழ், காதுல மத்ததுங்க. இதுக்கு இப்ப கைக்கு கிடைக்கற வழி மூணு: இன்ஃப்ராரெட், ரேடியோ, அவங்கவங்க போன்ல ஆப்.

ரேடியோவை முதல்ல பாத்துடலாம், ஏன்னா அது சுலபம். சின்ன டிரான்ஸ்மிட்டர், கழுத்துல மாட்டற ரிசீவர், ஆன் பண்ணா வேலை முடிஞ்சுது, வெயில் இருட்டு தூண் திரை எதுவும் அதுக்கு கணக்கு இல்ல, பையர்ங்களை ஃபேக்டரிக்குள்ள சுத்திக் காட்டினு போறதுக்கும், கோட்டையை சுத்திப் பாக்க வர்ற குரூப்புக்கும், ஷாமியானா போட்ட பகல் கூட்டத்துக்கும் இதை விட்டா வேற இல்ல. ஆனா ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, ஃப்ரீக்வன்சி. இந்தியாவுல இந்த 860 பக்கத்துல லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம்னு விட்டிருக்கற பேண்ட் 865-ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுல விக்கற டூர் கைடு செட்டுங்க நிறைய 863-865ல ஓடறது, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால யாரும் கவனிக்கறதில்ல, ஆனா அது வேற பேண்ட். வாடகைக்கு எடுக்கறப்ப எந்த பேண்ட்னு கேளுங்க, வாங்கறதா இருந்தா டபிள்யூபிசி அப்ரூவல், அதாவது மத்திய அரசோட வயர்லெஸ் அனுமதி, இருக்கான்னும் கேளுங்க. ரெண்டாவது, ரேடியோ சுவத்தைத் தாண்டிப் போவும். விலை பேசற மீட்டிங், வெளிய உக்காந்துகினு எவன் வேணா கேக்கலாம். ஒரே மண்டபத்துல மேல ஏசி ஹால்ல ஒரு ஃபங்ஷன், கீழ ஒரு ஃபங்ஷன், ரெண்டு பேரும் ஒரே மாதிரி செட்டுன்னா சேனல் பிரிச்சுக்கற பஞ்சாயத்து தனி. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் செட்டுன்னா ஹால்ல இருக்கற எல்லாரோட போன் வைஃபை, புளூடூத்தோட மல்லுக்கட்டணும்.

போன் ஆப் வழி இப்ப நிறைய பேர் சொல்றாங்க. ரிசீவர் வாடகை கிடையாது, இயர்போன் அவங்களே கொண்டு வருவாங்க, க்யூஆர் ஒட்டினா போதும். கேக்க நல்லா இருக்கு. பேச்சு லேட்டா வருதேங்கறது ஒரு குறையே இல்ல, மொழிபெயர்ப்பாளர் எப்படியும் ரெண்டு மூணு செகண்ட் பின்னாடிதான் வருவார், அதுக்கு மேல அரை செகண்ட் போனா யாருக்கும் தெரியாது. ஆனா காது மந்தமா இருக்கறவங்களுக்கு அதே மொழியை சத்தமா குடுக்கணும்னா அங்க அரை செகண்ட் பெரிய தொல்லை, ஸ்பீக்கர் சத்தமும் காது சத்தமும் ரெண்டா கேக்கும். அப்புறம் 300 போன் ஒரே நேரத்துல வைஃபைல ஏறணும்னா மண்டபத்து ரிசப்ஷன்ல மாட்டி வெச்சிருக்கற ரவுட்டர் தாங்காது, அதுக்குன்னு ஆக்சஸ் பாயிண்ட் கணக்கு போட்டு தனியா வெக்கணும், அந்த செலவை யாரும் ஆப் செலவோட சேத்து சொல்றதில்ல. மத்தியானத்துக்குள்ள பாதி போன் சார்ஜ் இறங்கிடும். வயசானவங்க கைல போனைக் குடுத்து "அந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கம்மா"ன்னு சொல்ல ஒரு வாலண்டியர் படையே வேணும். ஐம்பது அறுபது பேர், எல்லாம் காலேஜ் பசங்க, வைஃபை பலமா இருக்கற கேம்பஸ் ரூம்: அங்க ஆப் போதும், வேற எதுக்கும் காசு செலவு பண்ணாதீங்க. புளூடூத்துல ஆராகாஸ்ட்னு 2022ல ஒண்ணு அறிவிச்சாங்க, ஒரு டிரான்ஸ்மிட்டர் எத்தினி இயர்பட்ஸுக்கு வேணா ஒலிபரப்பும், வர்ற காலத்துல நல்லா இருக்கும், ஆனா வர்றவங்க எல்லார் கிட்டயும் அதுக்கு ஒத்து வர்ற இயர்பட்ஸும் போனும் இருக்கும்னு நம்பி ஃபங்ஷன் வெக்க முடியாது.

இப்ப இன்ஃப்ராரெட். இதுல பேச்சு வெளிச்சமா போவுது, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், 870 நானோமீட்டர் சுத்துவட்டாரம். டார்ச் அடிக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க, அடிச்ச இடத்துலதான் கேக்கும், தூணுக்குப் பின்னாடி நிழல் விழுந்தா அங்க கேக்காது, வெள்ளைச் சுவர், பளபளன்னு இருக்கற கிரானைட் தரை இதுல பட்டு திரும்பி வந்து நமக்கு உதவி பண்ணும், கருப்பு திரை, வெல்வெட், கார்ப்பெட் இதெல்லாம் குடிச்சுடும். சுவத்தைத் தாண்டாது. கதவை சாத்தினா பேச்சு ரூமுக்குள்ளயே இருக்கும், பையர் மீட்டிங்குக்கு இதுதான் சரின்னு சொல்றதுக்கு அதுதான் காரணம், பக்கத்து ஹால்ல அதே சேனல்ல இன்னொரு செட் ஓடினாலும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு இல்ல. கண்ணாடி மட்டும் தாண்டும், அதை மறக்கக் கூடாது.

பழைய அனலாக் செட் எங்கயாவது கம்மி வாடகைக்கு கிடைச்சா கொஞ்சம் யோசிங்க. அதுங்கள்ல நிறைய குறைஞ்ச ஃப்ரீக்வன்சில ஓடும், எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட், மட்டமான எல்இடி டிரைவர் இதுங்க அதே ஏரியாவுல இரைச்சல் குடுக்கும், காதுல உய்யுன்னு கேக்கும். இப்ப வர்ற டிஜிட்டல் செட்டுங்க ஐஇசி 61603-7 ஸ்டாண்டர்டு, 2-ல இருந்து 6 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல ஓடறது, லைட்டுங்களோட இரைச்சல் அந்த உயரத்துக்கு பெருசா வராது. கல்யாண மண்டபத்துல சீரியல் செட், கலர் லைட் எல்லாம் எரியவிட்டுகினு மீட்டிங் நடத்தறவங்க நாம, அதனால டிஜிட்டல்தான், அதுல பேரம் வேணாம்.

ஆனா வெயில் வேற கதை. சூரிய வெளிச்சத்துல இன்ஃப்ராரெட் ஏகத்துக்கு இருக்கு. அது துடிக்காத வெளிச்சம், அதனால சிக்னல் மாதிரி உள்ள வராது, ஆனா ரிசீவரோட சென்சாரை ரொப்பிடும், சென்சார்ல இரைச்சல் ஏறும், தூரத்துல இருந்து வர்ற ரேடியேட்டர் சிக்னல் அதுக்குள்ள அமுங்கிடும். வேலூர் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி ஜன்னல் வெச்ச மண்டபத்துல காலைல டெஸ்ட் பண்ணப்ப தங்கமா வேலை செஞ்சது மத்தியானம் 3 மணிக்கு மேற்கு வெயில் சாய்வா உள்ள வர்றப்ப அந்த ஓரத்து நாலு வரிசைல மட்டும் விட்டு விட்டு கேக்கும், செட்காரன் மெஷின் ரிப்பேர்னு நினைச்சு ரிசீவரை மாத்தி மாத்தி குடுத்துகினு இருப்பான். திரை போட்டா முடிஞ்சுது. மெல்லிசு நெட் திரை இல்ல, தடிமனா வெளிச்சம் மறைக்கற திரை. திரை போட்டா வெயிலும் நிக்கும், பேச்சு கண்ணாடி வழியா வெளிய போறதும் நிக்கும், ஒரே செலவுல ரெண்டு வேலை. திரை போட வழியே இல்லைன்னா ரேடியேட்டரை ஜன்னலுக்கு எதிர் பக்கம் வைங்க, அப்ப ரிசீவர் ரேடியேட்டரைப் பாக்கறப்ப வெயிலுக்கு முதுகைக் காட்டும். அதுவும் முடியாத, நாலு பக்கமும் திறந்த ஹாலா? ரேடியோவுக்கு போயிடுங்க. திறந்தவெளில இன்ஃப்ராரெட் போடணும்னா பொழுது சாஞ்சப்புறம் வைங்க.

இப்ப கவரேஜ் கணக்கு, ஏமாறுற இடம் இதுதான். பாஷ் இன்டெக்ரஸ் செட் உதாரணமா எடுத்துக்கலாம், அதுல சின்ன ரேடியேட்டர் 1000 சதுர மீட்டர், பெருசு 2000 சதுர மீட்டர்னு போட்டிருக்கும். 2000 சதுர மீட்டர்னா சுமார் 21,500 சதுர அடி. நம்ம மண்டபம் 65க்கு 100 அடின்னு வெச்சா 600 சதுர மீட்டர்தான், ஒரே ஒரு பெருசு போதுமேன்னு தோணும். ஆனா அந்த 2000ங்கறது ஒரே ஒரு கேரியர் ஓடறப்ப, கேரியர்னா மொழி சேனல்ங்களை ஏத்திகினு போற அலை. கேரியர் ரெண்டானா ரேடியேட்டர் தன்னோட பவரை ரெண்டுக்கும் பங்கு போடும், பரப்பு ஏறக்குறைய பாதியா விழும், நாலு கேரியர்னா கால்வாசி, அதாவது 500. உங்க 600க்கு இப்ப பத்தலை பாருங்க.

அப்ப கேரியர் எத்தினி வேணும்? ஒரு கேரியர்ல சாதாரண குவாலிட்டின்னா நாலு மோனோ சேனல் ஏறும், பிரீமியம் குவாலிட்டின்னா ரெண்டுதான். சாதாரணம்னா 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், பிரீமியம் 20 வரைக்கும். மனுஷன் பேசறதுக்கு 10 தாராளம். மேடைத் தமிழ் ஒரு சேனல், அதுக்கு மேல இங்கிலீஷ், தெலுங்கு, உருது, மொத்தம் நாலு, ஒரே கேரியர்ல அடங்கிடுச்சு. யாராவது "சவுண்டு சூப்பரா இருக்கணும் சார்"னு பிரீமியத்துல போட்டா அதே நாலுக்கு ரெண்டு கேரியர், கவரேஜ் பாதி போச்சு, காதுல யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசி நேரத்துல பெங்காலியும் சேருதுன்னு வைங்க, அஞ்சாவது சேனல், ரெண்டாவது கேரியர், மறுபடியும் பாதி. அஞ்சாவது மொழி சேக்கறதுன்னா பூத்துக்கும் ஆளுக்கும் மட்டும் செலவு ஆவாது, ரேடியேட்டர் கணக்கையும் திரும்ப போடணும், கொட்டேஷன் வாங்கறப்பவே மொழி எத்தினின்னு முடிவு பண்ணிட்டு பேசுங்க. பாட்டு கச்சேரியை காதுல குடுக்கறதுன்னா மட்டும் பிரீமியம் யோசிங்க.

ஒரு பெருசா, இல்ல ரெண்டு சின்னதா? என்னைக் கேட்டா ரெண்டு மூணு சின்னது. சதுர மீட்டர் கணக்கு பேப்பர்ல ரெண்டுலயும் ஒண்ணுதான் வரும், ஆனா ஒரே இடத்துல இருந்து அடிக்கற வெளிச்சத்துக்கு நிழலும் ஒரே பக்கமாத்தான் விழும். முன் வரிசைக்காரர் பின்னாடி திரும்பி பேசினார்னா அவர் உடம்பே ரிசீவரை மறைச்சுடும். வீடியோகாரர் ஸ்டூல் மேல ஏறி நின்னா அவருக்குப் பின்னாடி ஒரு வரிசை அவுட். ஹாலோட ரெண்டு முன் மூலையில இருந்து குறுக்கால அடிச்சா ஒண்ணு மறைஞ்சாலும் இன்னொண்ணு காப்பாத்தும், ஒண்ணு கெட்டுப் போனாலும் பாதியாவது ஓடும். பெருசு எங்க சரின்னா, உயரமான சீலிங், தூணே இல்லாத காலேஜ் ஆடிட்டோரியம், ஜன்னலும் கிடையாது, நிரந்தரமா மேல மாட்டிடலாம், அங்க ரெண்டு பெருசு போட்டா அழகா முடிஞ்சுடும். வாடகை மண்டபத்துல ஸ்டாண்டு போட்டு மூணு நாலு மீட்டர் உயரத்துல நிறுத்தறதுக்கு சின்னதுதான் கைக்கு அடக்கம்.

பால்கனி இருந்தா அதுக்கு அடியில நிழல், நிச்சயமா. கணக்குல சதுர மீட்டர் மிச்சம் இருந்தாலும் அங்க தனியா ஒண்ணு வேணும், இல்லைன்னா அங்க நாற்காலி போடாதீங்க.

மேடையை மறந்துடாதீங்க, எல்லாரும் மறக்கறாங்க. ரேடியேட்டர் ரெண்டும் மேடைப் பக்கம் நின்னுகினு கூட்டத்தைப் பாத்து அடிக்குது, மேடையில உக்காந்திருக்கறவங்க அதுக்குப் பின்னாடி. கூட்டத்துல ஒருத்தர் எழுந்து தமிழ்ல கேள்வி கேக்கறார், மேடையில இருக்கற இத்தாலிக்கார பையருக்கு காதுல ஒண்ணுமே வரலை, அவர் சிரிச்சுகினே தலையாட்டறார், பக்கத்துல இருக்கறவர் காதுல குசுகுசுன்னு சொல்றார். மீட்டிங்கோட முக்கியமான ஆளுக்கே கவரேஜ் இல்ல. மேடையைப் பாத்து ஒரு சின்ன ரேடியேட்டர், பாதி பவர்ல வெச்சா கூட போதும். டெக்கரேஷன்காரர் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நாம ஸ்டாண்டு போட்டு போனப்புறம் அவர் வந்து அதுக்கு நேரா ஒரு பூ ஆர்ச் நட்டுடுவார், இல்ல "பாக்க நல்லா இல்ல"ன்னு ரேடியேட்டர் மேல துணியைப் போத்திடுவார். அது சூடாவற சாமான், காத்து வேணும், துணி போட்டா கவரேஜும் போவும் மெஷினும் போவும்.

ஒண்ணுக்கு மேல ரேடியேட்டர் வெச்சா இன்னொரு சிக்கல் வரும், இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா தெரிஞ்சு வெச்சா செட்காரன் கிட்ட கேள்வி கேக்கலாம். டிரான்ஸ்மிட்டர்ல இருந்து முதல் ரேடியேட்டருக்கு 10 மீட்டர் கேபிள், அங்க இருந்து ஹாலை சுத்தி எதிர் மூலைக்கு இன்னொரு 40 மீட்டர். கோஆக்ஸ் கேபிள்ல சிக்னல் ஒரு மீட்டர் போவ 5.6 நானோ செகண்ட் ஆவுது, அப்ப ரெண்டாவது ரேடியேட்டர் 224 நானோ செகண்ட் லேட்டு. முதல் கேரியர் 2 மெகாஹெர்ட்ஸுக்கு கொஞ்சம் மேல, அதோட பாதி சுத்தும் இருநூத்து சொச்சம் நானோ செகண்ட்தான். ரெண்டு ரேடியேட்டருக்கும் நடு சென்டர்ல உக்காந்திருக்கறவருக்கு ஒண்ணு ஏறறப்ப இன்னொண்ணு இறங்குது, ரெண்டும் அடிச்சுகினு ஒண்ணுமில்லாம போவுது. வெளிச்சம் ரெண்டு பக்கமும் நல்லா விழற இடத்துல, ஹாலுக்கு நட்டநடுவுல பேச்சு அறுந்து போறது இதனாலதான், அங்க போய் இன்னொரு ரேடியேட்டர் சேத்தா சமயத்துல இன்னும் மோசமாவும். மேல இருக்கற கேரியர் 6 மெகாஹெர்ட்ஸ் கிட்ட போவும், அங்க 15, 16 மீட்டர் கேபிள் வித்தியாசமே இந்த வேலையை பண்ணிடும். வழி ரெண்டு இருக்கு. எல்லா ரேடியேட்டருக்கும் டிரான்ஸ்மிட்டர்ல இருந்து ஒரே நீளத்துல கேபிள் இழுங்க, கிட்ட இருக்கறதுக்கு மிச்ச கேபிளை சுருட்டி ஓரமா வெச்சாலும் பரவால்ல. இல்லைன்னா ரேடியேட்டர் பின்னாடி டிலே ஸ்விட்ச் இருக்கும், கேபிள் நீளத்தை அளந்து அதை செட் பண்ணணும். "டிலே செட் பண்ணியாச்சா"ன்னு கேளுங்க, அது இன்னாதுன்னு திருப்பிக் கேட்டா வேற ஆளைப் பாருங்க.

வேலை செய்யுதான்னு பாக்க போன் செல்ஃபி கேமராவை ரேடியேட்டர் முன்னாடி காட்டுங்க, எல்இடிங்க ஊதாக்கலர்ல மினுக்கும், பின் கேமராவுல நிறைய போன்ல தெரியாது, அதுல ஃபில்டர் இருக்கும். ஆனா மினுக்குதுன்னா கரண்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரு ரிசீவரை மாட்டிகினு வரிசை வரிசையா நடங்க, நின்னுகினு இல்ல, அங்கங்க நாற்காலில உக்காந்து பாருங்க, மேடையைப் பாத்தும் திரும்பியும். லைட் எல்லாம் போட்டு, திரை ஃபங்ஷன் அன்னிக்கு எப்படி இருக்குமோ அப்படி வெச்சு, முடிஞ்சா மத்தியானமும் ஒரு தடவை. ஜெனரேட்டர் மாறறப்ப டிரான்ஸ்மிட்டரும் பூத்தும் அணையாம இருக்க யூபிஎஸ் கேட்டு வாங்குங்க.

ரிசீவரை ஜனங்க எங்க வெச்சுக்கறாங்கங்கறதும் கவரேஜ்தான். சட்டைப் பாக்கெட்டுல கண்ணாடி முகம் வெளிய தெரியற மாதிரி வெச்சா சரி. பெரியவர் தோள்ல துண்டு போட்டு மூடிடுவார். புடவை கட்டினவங்களுக்கு பாக்கெட்டே கிடையாது, மடியில வெச்சு முந்தானை மேல விழுந்துடும், இல்ல ஹேண்ட்பேக்குக்குள்ள போயிடும், அப்புறம் "எனக்கு மட்டும் வரலையே"ன்னு கேப்பாங்க. கழுத்துல மாட்டற கயிறு வெச்ச ரிசீவரா கேட்டு வாங்குங்க, இன்ஃப்ராரெட் எடுத்தா இது கண்டிப்பா வேணும், ரேடியோவுக்கு இந்தத் தொல்லையே இல்ல. காது மிஷின் போட்டவங்க வருவாங்கன்னா மிஷின்ல டெலிகாயில் (காந்த சிக்னலை வாங்கற சுருள்) இருக்கான்னு கேட்டுட்டு இயர்போனுக்கு பதிலா ரெண்டு மூணு நெக் லூப், அதாவது கழுத்துல மாட்டிகினா அந்த சுருளுக்கு பேச்சை அனுப்பற வளையம், சொல்லி வைங்க.

வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃபங்ஷன்னா சொந்தமா வாங்காதீங்க, பேட்டரி, சார்ஜர், காணாம போற இயர்போன்னு அது தனிக் குடித்தனம். மாசாமாசம் கூட்டம் நடக்கற காலேஜ், ஆஸ்பத்திரி ஆடிட்டோரியம்னா ரேடியேட்டரையும் கேபிளையும் மட்டும் நிரந்தரமா மாட்டி, டிலே எல்லாம் ஒரு தடவை செட் பண்ணி வெச்சுட்டு, டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் அப்பப்ப வாடகைக்கு எடுக்கலாம், ரேடியேட்டரும் வாடகை செட்டும் ஒத்துப் போவுதான்னு மட்டும் முதல்ல பாத்துக்கணும். ரிசீவர் குடுக்கறப்ப ஐடி கார்டு ஏதாவது ஒண்ணு வாங்கி வெச்சுகினு குடுங்க, சாப்பாட்டுக்கு எழுந்து போறப்பதான் அதிகமா காணாம போவுது, அதனால வாங்கற டேபிளை சாப்பாட்டு ஹால் போற வழியில போடுங்க.